தேவையில்லாத சர்வீஸ்

"வளவா, ஆபீஸ்ல நாப்பது கம்ப்யூட்டர்லயும் பின்னாடி சும்மா ஓடுற சர்வீஸை எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னே. இசைப்பிரியா மேடத்தோடது மட்டும் ஏன்யா வாராவாரம் ஹேங் ஆவுது?" சூப்பர்வைசர் இருதயசாமி எரிந்து விழுந்தார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா அதையே மாத்திடு!"

வளவன் இசைப்பிரியாவின் சீட்டுக்குப் போனதும் அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க மேடம்."

அவள் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் பெர்மனென்ட். அவன் கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட். இரண்டு வருஷமாகப் பேச்சு இதைத் தாண்டியதில்லை.

"போன வாரம் சர்வீஸ் லிஸ்ட்டைத் திறந்து எது எதுன்னு காட்டினீங்களே, அப்புறம் நான் எதையும் தொடலைங்க," என்றாள், அவன் கேட்காமலே.

"அடுத்த தடவை புது கம்ப்யூட்டரே வந்துடும் மேடம். அப்புறம் நான் வர வேண்டியிருக்காது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளவன் லிஸ்ட்டைத் திறந்தான். போன வாரம் அவன் ஆஃப் செய்ததில் இரண்டு சர்வீஸ்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

காலையில் சர்வர் ரூமில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அவன் ஆன் செய்துவிட்டிருந்தது ஒன்றைத்தான்.