பத்துக்கு எத்தனை?

"பயிற்சியை விட்டுட்டீங்க. அதான் இந்த நிலைமை."

பேராசிரியர் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். எதிரே அந்த அம்மா இடுப்பைப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கியே ஓய்வு பெற்றவர்.

முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன், பேராசிரியர் மாணவராக இருந்தபோது செய்த முதல் ஆய்வுக்கு அந்தச் சலவைக்கூடத்திலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். இடுப்பு வலிக்காரர்கள் எப்படிக் குனிந்து எப்படி நிமிர வேண்டும் என்று அவர்களை வைத்து அவர் கண்டுபிடித்த பயிற்சி, இன்று பல பிசியோதெரபி கல்லூரிகளில் பாடம்.

'இத்தனை வருடம் கழித்தும் வலி திரும்பவில்லை' என்று கடைசியாக ஒரு கட்டுரை எழுதிவிட்டு ஓய்வு பெற நினைத்தார். அதற்காகத் தேடிப் பிடித்து வரவழைத்த முதல் ஆள் இவர்.

"விடலையே தம்பி. காலையில எந்திரிச்சதும் இருபது தடவை. 'அத்தை டான்ஸ் ஆட ஆரம்பிச்சுட்டாங்க'ன்னு மருமககூட கிண்டல் பண்ணுவா."

"அப்ப வலி எப்ப திரும்பி வந்துச்சு?"

"போனாத்தானே திரும்பி வர்றதுக்கு?"

பேராசிரியர் பழைய கோப்பைப் பிரித்துக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. வலியே இல்லேன்னா சைபர், தாங்க முடியலேன்னா பத்து. வந்தப்ப எட்டு சொன்னீங்க. ஆறாவது வாரம் சைபர் சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா எட்டுதான் இருந்துச்சு."

"பின்னே ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வாராவாரம் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, 'கொஞ்சமாவது குறைஞ்சுதாம்மா'ன்னு கேப்பீங்க. இல்லேன்னு சொன்னா உங்க முகம் சுண்டிப் போயிடும். ஒருநாள் மாடிப்படியில உக்காந்து, இது சரியா வரலேன்னா என் படிப்பு போச்சுன்னு கூட்டாளிகிட்ட அழுதீங்க. கேட்டுக்கிட்டே போனேன். மனசு கேக்கல தம்பி."

பேராசிரியர் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார்.

பயிற்சியைச் செய்தும் வலி போகவில்லை என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் அத்தனை பேரையும் அனுப்பினார். ஒரு தபால்காரரை, அவர் மகள் எதிரிலேயே சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதற்கப்புறம் வரவேயில்லை.

பேனாவை எடுத்தார்.

"பரவாயில்லம்மா. உங்க ஒருத்தர் கணக்கை மட்டும் அடிச்சுடறேன். மீதி பதினோரு பேர் இருக்காங்களே. அவங்களையும் வரச்சொல்லிக் கேட்டுடறேன்."

அந்த அம்மா மெல்ல எழுந்து நின்றார்.

"அவங்களை எதுக்கு தம்பி அலைய விடறீங்க? 'பாவம்டி அந்தப் பையன், நாளைக்கு எல்லாரும் சைபர்னே சொல்லிடுங்க'ன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."