தொதல் பார்சல்

விசில் ஒலித்தது. அஸீம் வலக்கையை உயர்த்தினான். சனத்துக்குள்ளே அவனுடைய வாப்பா அபூதாஹிர், கையில் தொதல் இனிப்புப் பார்சலோடு எழுந்து நின்றார்.

இந்த வருசம் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து இதே கூத்துத்தான். மகனின் கை உயரும்போதெல்லாம் மனிசன் எழும்பிவிடுவார். "உன்ட வாப்பாவுக்கு என்ன பெருமையடா!" என்று கூட விளையாடும் பொடியன்கள் சிரிப்பார்கள். அஸீமுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

கூடைப்பந்தில் விசிலுக்குப் பிறகு கை தூக்குவது பெருமைக்கா? எதிராளியைத் தள்ளியவன், இடித்தவன், 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்ளத் தூக்குவது அது. இடிபட்டவன் தனியே நின்று பந்தைக் கூடைக்குள் போடலாம்; இடித்தவன் ஐந்து தரம் கை தூக்கினால் வெளியே போகவேண்டியதுதான்.

முதல் ஆட்டம் முடிந்த அன்றே வாப்பா கேட்டார்.

"கையைத் தூக்கினா என்ன மகன்?"

"அது... புள்ளி எடுத்தா தூக்கிறது வாப்பா."

"அப்ப மத்தப் பக்கத்துப் பொடியன் ஏன் தனிய நிண்டு பந்தைப் போடுறான்?"

"தோக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதலுக்கு."

"நல்ல விளையாட்டுத்தான்" என்றார் வாப்பா. "அந்தப் பொடியன்ட பேர் என்ன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வேறென்ன செய்வான்? பிறத்திப் பிள்ளை மேல் கைவைத்தான் என்று தெரிந்தால் வாப்பா அடுத்த நாளே விளையாட்டை நிறுத்திவிடுவார். விளையாட்டு நின்றால் துறைமுக வேலையும் போச்சு.

அந்த ஆசையைக் காட்டியவர் பயிற்சி கொடுக்கும் குணரத்தினம் மாஸ்டர். "நீ பந்து போடத் தேவையில்ல, அஸீம். அவங்கட திறமான பொடியனைக் கவனி. உனக்கு ஐஞ்சு ஃபவுல் இருக்கு, ஐஞ்சையும் செலவழி. துறைமுக டீமுக்கு ஆள் எடுக்கிறாங்கள், வேலையும் குடுப்பாங்கள். உன்னைப் பற்றி நான் சொல்லிவிடுறன்."

திருகோணமலையில் துறைமுக வேலை என்றால் கசக்குமா? அஸீம் இடித்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் இடித்தான். கல்லூரி வென்றுகொண்டே போனது.

வாப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அவனுக்குப் பயமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில், நேவிக்காரர் கூடைப்பந்து விளையாடும் மைதானத்தில் தேத்தண்ணி கொடுத்துத் திரிந்தவர். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்த மனிசனுக்குப் பந்து எங்கே தெரியப்போகிறது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொள்வான். பிறகு, பெற்ற தகப்பனை இப்படி நினைத்தோமே என்று வெட்கப்படுவான்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிய, "நீ முன்னுக்குப் போ மகன்" என்பார் வாப்பா. இருட்டின பிறகு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். மகன் வென்ற சந்தோசப் புளுகத்தில் ஊருக்கெல்லாம் தொதல் பங்கிட்டுவிட்டு வருகிறார் என்று அஸீமின் வயிறு எரியும்.

இன்றைக்கு இறுதி ஆட்டம். மட்டக்களப்பிலிருந்து வந்த அணியில் கனகசுந்தரம் என்ற நெட்டைப் பொடியன். அவன் பந்தைத் தொட்டால் புள்ளிதான். அஸீம் நாலு தரம் கை தூக்கியும் அவன் அடங்கவில்லை.

மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று கண்ணைக் காட்டினார். கனகசுந்தரம் வளையத்தை நோக்கி எழும்பியபோது அஸீம் பின்னாலிருந்து தள்ளினான். பொடியன் சீமெந்துத் தரையில் கையை ஊன்றி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் அஸீமுக்குக் கேட்டது.

ஐந்தாவது தரமும் கையைத் தூக்கிவிட்டு அவன் வெளியே நடந்தான். கனகசுந்தரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாப்பா நின்றவர் நின்றபடிதான்.

கல்லூரி கோப்பையை வென்றது. படம் எடுக்க வரிசை கட்டும்போது மாஸ்டர் சொன்னார்: "அஸீம், நீ கொஞ்சம் தள்ளி நில்லு. புள்ளி எடுத்தவங்கள் முன்னுக்கு வரட்டும்."

"சேர், துறைமுக வேலை..."

"ஃபவுல் அடிக்கிறவனை ஆரடா டீமுக்கு எடுப்பான்?" மாஸ்டர் சிரித்துக்கொண்டே கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

கறிக்கு வாசனை வந்துவிட்டால் கறிவேப்பிலைக்கு என்ன மரியாதை? படத்தில் விழாமலே அஸீம் வெளியே வந்தான். நெஞ்சு கொதித்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

வாசலில் வாப்பா காத்து நின்றார். இன்றைக்கு 'முன்னுக்குப் போ' என்று சொல்லவில்லை. வேறு பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"வாப்பா, வீடு இங்கால."

"தெரியும். ஆஸ்பத்திரி இங்காலதான்."

அஸீமின் கால் நின்றுவிட்டது.

வாப்பா திரும்பி வந்து தொதல் பார்சலை அவன் கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. குரலில் கோபமில்லை.

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் மகன். இவ்வளவு நாளும் நீ இடிச்ச பொடியன்மாருக்கு நான்தான் இதைக் கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேட்டனான்; இண்டைக்கு நீ கேள்."