நாற்பது ஒலிப்பதிவுகள்

தொண்டை அறுவை சிகிச்சையில் குரலை இழப்பதற்கு முன் கணவர் பேசிப் பதிந்திருந்த நாற்பது ஒலிப்பதிவுகளுக்கும் நகல் இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே சுலபமான பேக்கப் மென்பொருளாகக் கேட்டு வாங்கியிருந்தாள் மரகதவல்லி. நகல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், லேப்டாப்பில் இடம் நிறைந்தபோது அவற்றை அழித்தாள். நகலும் அழிந்துபோனது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கணவரோடு மென்பொருள் வாங்கிய கடையில் வந்து நின்றாள்.

"இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும் மேடம். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல?" என்றார் கடைக்காரர், ஏதோ சலுகையைச் சொல்வதுபோல.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதானேய்யா வாங்கினேன்! கூடவே போறதுக்கு எதுக்குய்யா அது?"

கத்திய கத்தலில் குரல் கம்மி, அவளுக்கு வெறும் காற்றுதான் வந்தது. கணவர் அவள் தோளைத் தொட்டு வாயசைத்தார். அவளும் வாயசைத்தாள். லேப்டாப் திரையில் பச்சை டிக்கோடு ஒரு வரி வந்து நின்றது: இரண்டும் ஒரே மாதிரி உள்ளன.