முப்பத்தொன்றாம் நம்பர் ஊசி

அறையிலிருந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நெட்டை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மருந்து போடும் ஊசிப் பேனாவில் ஒட்டியிருந்த நம்பரை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தொன்று. அது ஹாரனின் நம்பர்.

துவைத்த சட்டையும் கையுமாகக் கதவருகில் நின்ற ஹாரன் அதைப் பார்த்துவிட்டான். உரித்த நம்பரைத் தன் பேனாவில் ஒட்டி, தன் முப்பத்திரண்டை ஹாரனின் பேனாவில் ஒட்டி, ஒன்றுமே நடக்காததுபோல இரண்டையும் உள்ளே அடுக்கினான் அந்தப் பாவி. பதினோரு வருஷம் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஸ்டியரிங் பிடித்தவன், ஒரே அறையில் பக்கத்துப் பாயில் படுப்பவன்.

இருவருக்கும் ஒரே கேடு. தூங்காமல் வண்டி ஓட்டுவதற்காகத் தொட்ட போதைப் பொடி, கடைசியில் ஆளையே தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்து பன்னிரண்டு வாரம் முடித்து வந்தால் லாரிச் சாவி, இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

சர்க்கரை நோய்க்குப் போடும், பசியையும் மந்தமாக்கும் ஊசி இந்தப் பொடி வெறியையும் அடக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. வாரம் ஒரு ஊசி, வாரம் ஒரு கவுன்சிலிங். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர். எந்த நம்பருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது, ஒட்டி மூடிய கவருக்குள் இருந்தது.

முதல் இரண்டு வாரம் ஹாரன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "இந்தப் பாழாப்போன பொடி கனவுலகூட வருதுடா" என்று அழுதான். பக்கத்தில் நெட்டை, "எனக்கு சோத்தைப் பார்த்தாலே குமட்டுது, மசக்கையா இருக்குமோ?" என்று சொல்லி அவனைச் சிரிக்க வைத்தான்.

அப்புறம் ஹாரன் தேறிக்கொண்டான். எல்லாம் தன் வைராக்கியம் என்று ஊரெல்லாம் முழங்கினான். ஹாரன் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "சுத்தமா இருக்கீங்கன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். மறுநாளே வரேன்" என்று சொல்லியிருந்தாள். இது பத்தாவது வாரம். இன்னும் இரண்டே வாரம். இந்த நேரத்தில்தான் கூடவே இருந்து ஒருவன் குழி பறிக்கிறான்.

ஹாரன் அன்று மதியம் கவுன்சிலிங்கில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்றான்.

"மறைக்காம எல்லாத்தையும் சொல்லணும்னு சொல்வீங்களே மேடம். சொல்றேன். இவன் என் மருந்தைத் திருடுறான். நம்பரை மாத்தி ஒட்டுறதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கவுன்சிலர் அம்மா நெட்டையைப் பார்த்தாள். "உண்மையா?"

நெட்டையின் வலது முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "ஆமா மேடம். மூணாவது வாரத்துலேர்ந்து மாத்துறேன்."

"ஏன்?"

அவன் ஹாரனின் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அவனை மட்டும் வெளிய அனுப்பிடாதீங்க மேடம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"நடிக்காதடா" என்றான் ஹாரன். "கூடப் பொறந்தவன்னு நினைச்சேன். உனக்குக் குடும்பம் இல்லைங்கறதுக்காக என் பொண்டாட்டி புள்ளையும் வரக் கூடாதா?"

ஆராய்ச்சியிலிருந்து நெட்டையின் பெயரை அப்போதே அடித்தார்கள். கம்பெனிக்கும் சொல்லிவிடுவோம் என்றார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனான். ஹாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதினோரு வருஷத்தையும் ஒரே நாளில் தலைமுழுகியாயிற்று.

ஊசி மாறிவிட்டதால் கவரைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் ஹாரனை உள்ளே கூப்பிட்டார். முதலில் எடை பார்க்கச் சொன்னார்.

"எட்டுக் கிலோ குறைஞ்சிருக்கீங்களே. சாப்பாடு இறங்குதா?"

"எங்க இறங்குது? ரெண்டு வாய் வெச்சா போதும்னு ஆயிடுது." ஆணியால் புதிதாகப் போட்ட மூன்றாவது ஓட்டையில் பெல்ட்டை இழுத்து மாட்டினான். "எல்லாம் வீட்டுக் கவலை டாக்டர்."

"பொடி நினைப்பு?"

"சுத்தமா இல்ல. மருந்து இல்லாமலே நிக்கிறேன் பாருங்க. எல்லாம் என் வைராக்கியம்."

டாக்டர் கவரைக் கிழித்தார். உள்ளே இருந்த தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நெட்டை போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டாக்டர். என்கிட்டேர்ந்து எத்தனை ஊசி மருந்து திருடியிருக்கான்?"

"உங்க ஊசியில இருந்தது வெறும் தண்ணி தம்பி. நீங்க போட்டுக்கிட்ட மருந்து அவரோடது."