ஒரு முளை குறைந்த கூடாரம்

செவணனுக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. மலை முகாமுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்காக அடித்த, எட்டுப் பேர் படுக்கிற கூடாரம் அது. போன வாரம் பிரித்துச் சுருட்டியபோது, கயிறு கட்டுகிற இரும்பு முளை ஒன்றை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். இனி ஒரு சாமான் தொலைந்தாலும் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் மலைக்காற்று அடங்கும்வரை, முளைக்குப் பதிலாக அவனே கூடாரத்துக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான்.

“அப்பா, இந்தக் கயிறு இருமுது” என்றது உள்ளே ஒரு குழந்தை.

“கயிறு எங்கயாச்சும் இருமுமா? பேசாம படு.”

முகாமில் சமைக்கிற அவன் பெண்டாட்டி ஒச்சம்மா வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். “போய்ச் சோத்தத் தின்னுய்யா. முளைக்கும் வயிறு இருக்குல்ல.”

தின்ற இடத்திலேயே கண் அசந்துவிட்டான். விடிந்து விழித்தபோது காற்று நின்றிருந்தது. வந்த குடும்பம் போயிருந்தது. கூடாரம் பிரித்துச் சுருட்டிப் பைக்குள் கிடந்தது. ஒச்சம்மா தோலுரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

“முதலாளி முளைய எண்ணுனாரா?”

“எண்ணுனாரு. நாந்தான் தொலைச்சேன்னேன். நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு.”

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“எனக்குத் தேயிலை கிள்ளவாச்சும் தெரியும். ஒனக்கு என்னய்யா தெரியும், நிக்கத்தான் தெரியும்.”

கீழே முதலாளியின் ஜீப் உறுமியது, இன்னும் நகரவில்லை. செவணன் எழுந்தான், நாலடி நடந்தான், நின்றான். ‘தொலைச்சது நான்தான்’ என்று முதலாளியிடம் சொல்லவேண்டிய ஒரு சொல்லை அவன் ஒச்சம்மாவுக்குப் பாக்கி வைத்திருந்தான்.