உலுக்கினால் சம்மதம்

அடைக்கு வைத்த ஏழு முட்டையும் காணோம் என்று கோழி கத்தியதும் தொழுவமே கூடிவிட்டது. காவல்கார நாய் விசாரித்து, "கடாதான் தின்னுச்சு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. நாயின் மீசையில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கடாவின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடேய், என் பரம்பரையிலேயே எவனாவது முட்டை தின்னுருக்கானா? தழை தின்கிற வாய்டா இது, மோந்து பாரு!"

"கோவப்படாதேப்பா," என்றது கோழி, நாயின் பக்கம் திரும்பாமலே. "யாராவது ஒருத்தர் பலிகடா ஆனாத்தானே பிரச்சினை முடியும்? உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே?"

"எதையும் முறைப்படி செய்வோம்," என்றது நாய். "கோயில்ல தெளிக்கிற மாதிரி தண்ணி தெளிப்பேன். உடம்பை உலுக்கினா, வெட்டச் சம்மதம்."

ஒரு செம்பு ஊற்றியது. காதுக்குள் தண்ணீர் குடைந்தும் கடா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது செம்புக்கும் அசையவில்லை. மூன்றாவது செம்பு வந்தபோது ஆத்திரம் தாங்காமல் ஒரே முட்டு முட்டியது. செம்பு எகிறி, தண்ணீர் அத்தனையும் நாயின் தலையில் கொட்டியது.

நாய் மூக்கு முதல் வால் வரை உலுக்கோ உலுக்கென்று உலுக்கியது.

"சம்மதம் கிடைச்சாச்சு," என்றது கடா. "அரிவாளை யார் எடுத்துட்டு வர்றீங்க?"