யாரையும் கட்டாத வார்டு

நோயாளிகளைக் கட்டிப்போடாத மனநல வார்டு என்று வாசலில் புதுப் பலகை தொங்கியது. அதற்கு விருது கொடுக்க அன்று காலை மேலதிகாரிகள் வருகிறார்கள். மகன் தவமணிக்குத் துணையாக இருந்த ஒச்சப்பனிடம் நர்ஸ் ஒரு துணி நாடாவை நீட்டினாள்.

"பெரியவரே, அவங்க போறவரைக்கும் பையனக் கட்டிலோட கட்டி, மேல போர்வையப் போட்டு மூடிருங்க. நாங்க கட்டக்கூடாது, சட்டம்."

"நான் மட்டும் கட்டலாமாக்கும்?"

"நீங்க கட்டுனா எங்க நோட்டுல ஏறாது."

"சும்மா உக்காந்திருக்கிறவன எதுக்குத் தாயி கட்டணும்?"

"நாப்பது பேருக்கு நான் ஒருத்தி. எந்திரிச்சு ஓடுனா யாரு பிடிக்கிறது?"

மாட்டைக் கட்டினால்கூட நான்தான் கட்டினேன் என்று சொல்கிற ஆள் ஒச்சப்பன். நாடாவை வெடுக்கென்று பிடுங்கினார். ஒரு முனையை மகனின் மணிக்கட்டில் முடிந்தார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிப் பல்லால் இறுக்கினார்.

"எந்திரிடா. விருது வாங்கப் போவோம்."

"ஐயா, போர்வை!" என்று நர்ஸ் பின்னால் ஓடிவந்தாள்.

கழுத்தில் மாலையோடு உள்ளே நுழைந்த அதிகாரி பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். ஒச்சப்பன் கும்பிடக் கையைத் தூக்கினார். தவமணியின் கையும் கூடவே எழுந்தது.